கொசுவுக்காக செடி வளர்த்த கதை: நொச்சி, நாய்த்துளசி, அப்புறம் தொட்டிக்கு அடியில இருந்த தட்டு

மடிப்பாக்கத்துல வீடு கட்டி குடிவந்தது 2014ல. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ரொம்ப தூரம் இல்ல, காலையில மாடிக்கு போனா கொக்கு நாரை எல்லாம் பறக்குறது தெரியும், அதெல்லாம் அழகுதான், ஆனா சாயங்காலம் அஞ்சரை மணி ஆச்சுன்னா வீட்டு ஜன்னல் மொத்தமும் சாத்திடணும், ஒரு பத்து நிமிஷம் லேட் பண்ணா அன்னிக்கு ராத்திரி முழுக்க காதுகிட்ட ஙொய்ஙொய்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பையனுக்கு அப்ப மூணு வயசு. அவனுக்கு வீசிங் இருந்துச்சு. கொசுவத்தி ஏத்துனா அரை மணி நேரத்துல இருமல் ஆரம்பிச்சிடும், ப்ளக்ல சொருகுற லிக்விட் போட்டாலும் மூக்கடைப்பு, வலை கட்டினா தூக்கத்துல உருண்டு வந்து வலையோட ஒட்டிப் படுத்துக்குவான், வெளியில உக்காந்திருக்குற கொசு வலை மேலயே வச்சு கடிக்கும். அதனாலதான் செடி பக்கம் போனேன். கொசுவை விரட்டுற செடின்னு எத கேள்விப்பட்டாலும் வாங்கிட்டு வந்து வைக்கணும்னு ஒரு வேகம்.

பக்கத்துல இருந்த ஒரு நர்சரியில "கொசு செடி"ன்னே சொல்லி ஒண்ணு குடுத்தாங்க, 180 ரூபா, இலை கொஞ்சம் கொத்தமல்லி மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், தொட்டா எலுமிச்சை வாசம் வரும். இத ஜன்னல்ல வச்சா பத்து அடிக்கு கொசு வராதுன்னாங்க. கூடவே சிட்ரோனெல்லா புல்லுன்னு ரெண்டு, துளசி நாலு, புதினா, ஓமவல்லி, செண்டுமல்லின்னு கொஞ்சம் கொஞ்சமா சேத்து ரெண்டு வருஷத்துல 22 தொட்டி ஆயிடுச்சு. பால்கனி, ஜன்னல் திண்டு, மாடிப்படி ஓரம்னு எங்க பாத்தாலும் தொட்டி. டைல்ஸ்ல செம்மண் கறை பிடிக்கக்கூடாதுன்னு ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில ஒரு ப்ளாஸ்டிக் தட்டு. இந்த தட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, நான் எழுத உக்காந்ததே இந்த தட்டுக்காகத்தான்.

வாசம் நல்லா இருந்துச்சு. கொசு குறையல. ஒரு நாள் கரண்ட் போயிருந்தப்ப டார்ச் அடிச்சு செடிக்கு பக்கத்துல பாத்தேன், அந்த கொசு செடி இலைக்கு கீழயே ரெண்டு மூணு கொசு உக்காந்திருந்துச்சு. நமக்கு நம்பிக்கை போகாது இல்லையா, செடி இன்னும் சின்னதா இருக்கு, வளந்தா வேலை செய்யும்னு நெனச்சுக்கிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், அந்த செடி ஒரு வகை ஜெரேனியம், சிட்ரோசான்னு பேரு வச்சு பல நாட்டுல இப்படித்தான் விக்கிறாங்க, 1996ல கனடாவுல இத வச்சு வெளியில ஆளுங்களை உக்கார வச்சு கணக்கு எடுத்துப் பாத்திருக்காங்க, செடி பக்கத்துல இருந்தவங்களுக்கும் செடியே இல்லாம இருந்தவங்களுக்கும் கடியில வித்தியாசமே இல்ல, கொசு அந்த செடி இலை மேலயே வந்து உக்காந்திருக்கு. நான் டார்ச் வெளிச்சத்துல பாத்தது அதேதான்.

காரணம் சிம்பிள். இந்த இலைங்கள்ல இருக்குற எண்ணெய் இலைக்குள்ள சின்ன சின்ன பைக்குள்ள அடைச்சு வச்ச மாதிரி இருக்கு. இலை நசுங்குனா, கிழிஞ்சா, சூடு பட்டாதான் அது நல்லா வெளிய வரும். சும்மா தொட்டியில நிக்கிற செடியில இருந்து வர்றது ரொம்ப கம்மி, அதுவும் பால்கனி காத்துல கலைஞ்சு போயிடும். கொசு நம்மள தேடி வர்றது நாம விடுற மூச்சுல இருக்குற கரியமில வாயுவ வச்சு, உடம்பு சூட்ட வச்சு, வேர்வை நாத்தத்த வச்சு. அதையெல்லாம் மறைக்கிற அளவுக்கு ஒரு தொட்டி செடியால வாசம் விட முடியாது.

இது தெரியாம மூணு வருஷம் ஓட்டினேன். 2017 அக்டோபர்ல பையனுக்கு காய்ச்சல் வந்துச்சு. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க டெங்கு எப்படி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் 103, கண்ணுக்கு பின்னாடி வலிக்குதுன்னு அழுதான், ரெண்டாவது நாள் ரத்தம் எடுத்தாங்க, டெங்கு பாசிட்டிவ். ப்ளேட்லெட் ஒவ்வொரு நாளும் இறங்கி 62 ஆயிரம் வரைக்கும் வந்துச்சு, அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. அந்த அஞ்சு நாள பத்தி அதிகம் எழுத முடியல, இப்பவும் கை நடுங்குது. நல்லபடியா வீட்டுக்கு வந்தான், அது போதும்.

அவன் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே கொசு ஒழிப்புல வேலை செய்யுற ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு, காய்ச்சல் வந்த வீடுன்னா சுத்தி செக் பண்ணுவாங்க. கையில டார்ச். நேரா பால்கனிக்கு போச்சு. முதல் தொட்டிய லேசா சாய்ச்சு தட்டுல டார்ச் அடிச்சுட்டு, "அக்கா, இங்க வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டுச்சு. தட்டுல கால் இஞ்ச் தண்ணி. அதுல நூல் மாதிரி குட்டி குட்டியா துள்ளிக்கிட்டு இருந்துச்சு. 22 தட்டுல ஒம்போது தட்டுல புழு. துளசி தட்டுல இருந்துச்சு, சிட்ரோனெல்லான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்த புல்லு தட்டுல இருந்துச்சு, அந்த 180 ரூபா கொசு செடி தட்டுலயும் இருந்துச்சு.

"சாக்கடை கொசு வேற அக்கா, டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், உங்க வீட்டு கொசு வெளியில இருந்து வரல, இங்கயே வளருது"ன்னு சொல்லிட்டு ஒவ்வொரு தட்டா கவுத்துச்சு. திட்டல, மெதுவாத்தான் சொல்லுச்சு. நான் அப்படியே படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டேன். அவனை எந்த கொசு கடிச்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஸ்கூல்ல கடிச்சிருக்கலாம், வேன்ல கடிச்சிருக்கலாம். ஆனா என் தட்டுல வளந்ததா இருக்கலாம்ங்கிறதும் உண்மைதான். அத மறைச்சு எழுதுனா இத எழுதுறதுல அர்த்தமே இல்ல.

அன்னிக்கு அந்த பொண்ணு சொன்னது, அப்புறம் நான் தேடிப் படிச்சது எல்லாம் சேத்து சொல்றேன், மூலிகை வளர்க்குறவங்களுக்கு செடிய விட இது முக்கியம். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பாக்க கருப்பா இருக்கும், கால்ல வெள்ளை வெள்ளையா வரி இருக்கும், காதுகிட்ட சத்தம் போடாது, கணுக்கால் பக்கமா கமுக்கமா வந்து கடிக்கும். கடிக்கிறது பகல்ல, அதுலயும் விடிஞ்சு ஒரு ரெண்டு மணி நேரமும் பொழுது சாயுறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரமும் ஜாஸ்தி. ராத்திரி ஙொய்னு பாடுறது க்யூலெக்ஸ், அது சாக்கடை, செப்டிக் டேங்க், தேங்குன அழுக்குத் தண்ணியில வளருறது. மலேரியா கொசு நம்ம ஊர் மாதிரி டவுன்ல மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு இதுல எல்லாம் வரும். ஏடிஸ் முட்டையில இருந்து பறக்குற கொசுவா ஆக நம்ம ஊர் சூட்டுக்கு ஏழுல இருந்து பத்து நாள் போதும். அதோட இன்னொண்ணு, அது முட்டைய தண்ணியில மிதக்க விடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல தட்டு ஓரத்துல ஒட்டி வச்சிடும், தண்ணி காஞ்சாலும் மாசக்கணக்கா அப்படியே உயிரோட இருக்கும், மறுபடி தண்ணி ஏறுனதும் பொரிச்சிடும். அதனால தட்ட கவுத்தா மட்டும் பத்தாது, தேங்கா நார் வச்சு ஓரம் எல்லாம் அழுத்தி தேய்ச்சு கழுவணும். நான் முதல்ல வெறுமனே தண்ணிய கொட்டிக் கொட்டி வச்சுக்கிட்டு இருந்தேன், திரும்ப திரும்ப புழு வந்துச்சு, இதுதான் காரணம்.

கோவத்துல எல்லா செடியையும் தூக்கிப் போட்டுடலாம்னு இருந்தேன். அப்ப ஊர்ல இருந்து பேரனைப் பாக்க அத்தை வந்திருந்தாங்க, மன்னார்குடி பக்கம் கிராமம். அவங்கதான் நிறுத்துனாங்க. "செடிய ஏம்மா கோச்சுக்கிற, தண்ணிய நிக்க விட்டது நாம. அதோட, இப்படி தொட்டியில நட்டு வேடிக்க பாத்தா கொசு போயிடுமா? எங்க வீட்டுத் தொழுவத்துல சாயங்காலம் ஆனா நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவோம், அந்த புகைக்குத்தான் மாட்டுக்கிட்ட கொசு அண்டாது. இலைய பறிக்கணும், கசக்கணும், கொளுத்தணும்"னாங்க. நான் மூணு வருஷமா செடி வளர்த்தேனே ஒழிய ஒரு இலை கூட பறிச்சதில்ல, செடி பாழாயிடும்னு. அத்தை சொன்னது ஒரே வரிதான், ஆனா மொத்த தோட்டத்தையும் மாத்திடுச்சு.

நொச்சிய அவங்கதான் கொண்டு வந்து வச்சாங்க, அடுத்த தடவ வரும்போது பஸ்ல ஈரச் சாக்குல சுத்தி ஆறு போத்து, அதாவது நடுறதுக்கு வெட்டுன குச்சி. நொச்சி தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஒரு காம்புல மூணு இல்ல அஞ்சு இலை விரல் விரிச்ச மாதிரி இருக்கும், மேல பச்சை, அடியில வெளிறிப்போய் சாம்பல் கலர், பூ சின்னதா ஊதா நிறத்துல கொத்தா வரும். கோட்டைய காக்குற வீரங்க நொச்சிப் பூ சூடுனாங்க, அந்தத் திணைக்கே நொச்சின்னு பேருன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருக்கோம், செடிய நேர்ல பாத்து இதுதான் அதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு 34 வயசு ஆச்சு. ஊர்ப்பக்கம் நெல்லு கொட்டி வைக்கிற குதிருக்குள்ள பூச்சி வராம இருக்க நொச்சி இலை போடுவாங்க, கோழிக்கு செல்லுப் பூச்சி பிடிச்சா கூண்டுல நொச்சிக்கொத்து வைப்பாங்க, சளிக்கு ஆவி பிடிப்பாங்க. சென்னை மாநகராட்சியே கூட ஒரு சமயம் கொசுவுக்காக நொச்சிக் கன்னு வீடுகளுக்கு குடுத்துச்சு. அதுல பல கன்னு நட்டதோட சரி, செடி நின்னா போதும்னு நெனச்சுட்டோம் எல்லாரும், என்ன மாதிரியே.

வளர்க்குறது ரொம்ப ஈசி. பென்சில் தடிமனுக்கு முத்துன குச்சியா பாத்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பக்கம் சாய்வா சீவி, ஆத்து மணலும் செம்மண்ணும் பாதிக்கு பாதி கலந்து ரெண்டு கணு உள்ள போற மாதிரி நட்டு நிழல்ல வச்சீங்கன்னா மூணு நாலு வாரத்துல துளிர் வரும். ஆடி ஆவணியில ரெண்டு மழை விழுந்த பின்னாடி வச்சா பட்டுப்போகாம வரும், எனக்கு ஆறுல அஞ்சு பிடிச்சுச்சு. தரையில விட்டா பத்து பன்னெண்டு அடிக்கு மேல கூட போகும், மாடியில வைக்கிறவங்க பெரிய பக்கெட் இல்ல 18 இஞ்ச் க்ரோ பேக் எடுத்துக்கோங்க. வெயில் நல்லா வேணும். தண்ணி தினம் வேணாம். முக்கியமா வெட்டிக்கிட்டே இருக்கணும், ஆறு வாரத்துக்கு ஒரு தடவ இடுப்பு உயரத்துக்கு கவாத்து பண்றேன், வெட்ட வெட்ட பக்கக்கிளை வந்து இலை ஜாஸ்தியாகும், வெட்டுன இலைதான் நமக்கு தேவையே. வெட்டாம அடர்த்தியா விட்டா இன்னொரு ஆபத்து இருக்கு, பகல் வெயிலுக்கு கொசு ஒதுங்குறதே இந்த மாதிரி குளுகுளுன்னு இருட்டா இருக்குற புதருக்குள்ளதான். எங்க மாடியில புதினாவும் ஓமவல்லியும் பின்னிக்கிட்டு இருந்த மூலையில ஒரு நாள் கைய விட்டு அலசுனேன், குப்புன்னு கிளம்புச்சு. அன்னில இருந்து செடிக்கு செடி ஒரு அடியாவது இடைவெளி, காத்து உள்ள போய் வரணும்.

மூட்டம் போடுற விஷயம். காஞ்ச சருகு மட்டும் போட்டா சட்டுனு எரிஞ்சு அணைஞ்சிடும், பச்சை மட்டும் போட்டா பத்திக்காது. ஒரு நாள் நிழல்ல வதக்குன நொச்சி இலை ரெண்டு கை, வேப்பிலை ஒரு கை, அடியில ரெண்டு தேங்கா நார், மண் சட்டியில போட்டு நெருப்பு வச்சு ஊதி அணைச்சுட்டா தணல்ல கனிஞ்சு அரை மணி நேரம் புகை வரும். நாங்க இத வீட்டுக்குள்ள போடுறதே இல்ல. பையனுக்கு வீசிங் இருக்கு, மூலிகைப் புகைன்னாலும் நுரையீரலுக்கு புகை புகைதான், கொசுவத்தி ஒத்துக்காத குழந்தைக்கு நொச்சிப் புகை மட்டும் எப்படி ஒத்துக்கும். வாசல்லயும் பின்பக்க மாடிப்படிகிட்டயும் வச்சு, அந்த நேரத்துக்கு ஜன்னல சாத்தி, அவனை முன் ரூம்ல உக்கார வச்சிடுவோம். க்யூலெக்ஸ் உள்ள வர்றது நல்லாவே குறைஞ்சுது, நல்ல நாள்ல பாதிக்கு பாதி குறைஞ்ச மாதிரி இருக்கும், காத்து அடிச்சா அதுவும் இல்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், நாம மூட்டம் போடுறது ஆறு மணிக்கு, டெங்கு கொசு கடிக்கிறது காலையில எட்டு மணிக்கும் ஸ்கூல் விட்டு வந்து புள்ளைங்க விளையாடுற நாலு மணிக்கும். மூட்டம் போட்டாச்சுன்னு டெங்குக்கு நிம்மதியா இருக்க முடியாது.

மூட்டத்துக்கு துளசி பறிக்கப் போனேன், அத்தை கைய பிடிச்சுட்டாங்க. பொழுது சாஞ்சா துளசிய தொடக்கூடாது, நெருப்புல போடவே கூடாதுன்னு. சரி, அதுக்கு பதிலா அவங்க காட்டுனது நாய்த்துளசி, கஞ்சாங்கோரைன்னும் சொல்வாங்க, காலி மனையில தானா முளைச்சு நிக்கும், இலை சிறுசா வெளிர் பச்சையா எலுமிச்சையும் கற்பூரமும் கலந்த மாதிரி வாசம். இத பத்தி அப்புறம் படிச்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு, கென்யாவுல ஒரு ஆராய்ச்சி, 2002ல வந்தது, தொட்டிச் செடிய உயிரோட அப்படியே வச்சு ஆளு படுத்திருக்குற குடிசைக்குள்ள எவ்வளவு மலேரியா கொசு வருதுன்னு எண்ணியிருக்காங்க. அதுல முதல்ல வந்தது இந்த நாய்த்துளசிதான், சுமார் 40 சதவீதம் குறைஞ்சிருக்கு. உன்னிச்செடியும் மூணுல ஒரு பங்கு குறைச்சிருக்கு. அப்ப தொட்டிச் செடிக்கு கொஞ்சமாவது பலன் இருக்கு, எல்லா செடிக்கும் இல்ல, அதுவும் மூடுன இடத்துல. நூத்துக்கு அறுபது கொசு அப்பவும் வந்திருக்குங்கிறதையும் சேத்து படிக்கணும். உன்னிச்செடிய மட்டும் தயவுசெஞ்சு நட்டுடாதீங்க, ஆடு மாடு தின்னா விஷம், காடு காடா பரவி மத்த செடிய அழிக்குது, நீலகிரி முதுமலை பக்கம் போனவங்க பாத்திருப்பீங்க.

நாய்த்துளசி விதையில இருந்து ஒரு வாரத்துல முளைக்கும், மண்ணு மேல தூவி மெல்லிசா மணல் போட்டா போதும், ஆழமா புதைச்சா வராது. கதிர் விட ஆரம்பிச்சதும் நுனிய கிள்ளிடுங்க, இல்லன்னா விதை வச்சு காஞ்சுடும். எங்க வீட்டுல தலைமாட்டு ஜன்னல் திண்டுல மூணு தொட்டி இருக்கு, படுக்கப் போகும்போது பத்து இலை கசக்கி தலையணைக்கு பக்கத்துல ஒரு கிண்ணத்துல வச்சிடுவேன். பையனுக்கு அந்த வாசம் இல்லாம இப்ப தூக்கம் வராது.

சிட்ரோனெல்லா விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க, நானும் தெரியாம வாங்கினேன். எனக்கு கிடைச்சது டீ போடுற எலுமிச்சைப்புல். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, பாத்தா ஒண்ணுதான். தூர்ல பாருங்க, எலுமிச்சைப்புல்லுக்கு அடித்தண்டு வெளுத்த பச்சையா இருக்கும், சிட்ரோனெல்லாவுக்கு அடியில செவப்பு ஓடியிருக்கும், இலை அகலமா நுனி தொங்கும், வாசம் கொஞ்சம் சோப்பு மாதிரி அடிக்கும், டீக்கு ஆகாது. இதுல சிலோன் வகைன்னே ஒண்ணு உண்டு, இலங்கையோட தெற்குப் பக்கம் எண்ணெய்க்காக ரொம்ப காலமா பயிர் பண்றாங்க. எதுவா இருந்தாலும் விதை வேணாம், தூர் பிரிச்சு நட்டா போதும், முழு வெயில்ல வைங்க, மூணு மாசத்துக்கு ஒருதரம் தரையில இருந்து அரை அடி விட்டு அறுத்துடுங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ தூரை பிரிச்சு புது மண்ணுல வைங்க. அறுத்த புல்ல முறுக்கி நசுக்கி வாசப்படிகிட்ட போடுவேன், அரை மணி நேரம் வாசம் நிக்கும். எண்ணெயா வாங்கி தடவுனாலும் இதே கதைதான், சீக்கிரம் ஆவியாகிடும். 2002ல அமெரிக்காவுல கடையில விக்கிற பல க்ரீம், லோஷன கையில தடவி கொசுக் கூண்டுக்குள்ள விட்டு பாத்ததுல டீட்ங்கிற கொசுவிரட்டி மருந்து 24 சதவீதம் இருந்தது 5 மணி நேரம் காப்பாத்துச்சு, சிட்ரோனெல்லா போட்டது 20 நிமிஷம் கூட தாங்கல. அதனால டெங்கு சீசன்ல பையன் வெளிய விளையாட போகும்போது நான் முழுக்கை சட்டை, சாக்ஸ், டாக்டர் சொன்ன க்ரீம் இதுதான் நம்புறேன். இயற்கையா இல்லையேன்னு முன்னாடி யோசிப்பேன், அந்த அஞ்சு நாளுக்கு அப்புறம் யோசிக்கிறதில்ல.

வேப்ப எண்ணெய் மட்டும் எங்க அனுபவத்துல கொஞ்சம் நல்லா நிக்குது. 100 மில்லி தேங்கா எண்ணெய்ல 2 மில்லி வேப்ப எண்ணெய், அவ்வளவுதான். 1993ல டெல்லியில மலேரியா ஆராய்ச்சி பண்றவங்க இதே அளவுல தடவிப் பாத்து மலேரியா கொசு ராத்திரி முழுக்க கடிக்கலன்னு எழுதியிருக்காங்க, எங்களுக்கு க்யூலெக்ஸுக்கு ரெண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்குது. முதல்ல முழங்கையில ஒரு சொட்டு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்க, சிலருக்கு அரிக்கும். கைக்குழந்தைக்கு வேணவே வேணாம். பாட்டிலை எட்டாத இடத்துல வைங்க, வேப்ப எண்ணெய் சின்னப் புள்ளைங்க வயித்துக்குள்ள போனா ஆபத்து.

ஓமவல்லி, புதினா, செண்டுமல்லி எல்லாம் இருக்கு, கொசுவுக்காக இல்ல, ரசத்துக்கும் துவையலுக்கும் பூவுக்கும். செண்டுமல்லி மண்ணுல இருக்குற நூற்புழுவுக்கு நல்லது, தக்காளிக்கு பக்கத்துல வைக்கிறேன்.

இப்ப தண்ணி விஷயம், இதுலதான் தோட்டம் வச்சிருக்குறவங்க ரொம்ப உஷாரா இருக்கணும். தட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன். தொட்டிங்க செங்கல் மேல நிக்குது, கறை பிடிச்சா பிடிக்கட்டும். ஜன்னல் திண்டுல தட்டு இல்லாம முடியாதுங்கிற மூணு தொட்டிக்கு மட்டும் தட்டு நிறைய ஆத்து மணல் ரொப்பி வச்சிருக்கேன், வழியுற தண்ணிய மணல் குடிச்சுக்கும், மேல தண்ணி தேங்காது. தண்ணி காலையில ஊத்துறேன், அதுவும் மண்ணுக்குள்ள விரல் விட்டு பாத்துட்டுதான். மாடியில செடிக்கு தண்ணி பிடிச்சு வைக்கிற ட்ரம்முக்கு பழைய வேட்டிய ரெண்டா மடிச்சு இழுத்து கயிறு கட்டியிருக்கேன். கடலைப் புண்ணாக்கு ஊற வைக்கிற பக்கெட், அரிசி கழுவுன தண்ணி, பழத்தோல் கரைசல், இதெல்லாம் மாடித்தோட்டக்காரங்க எல்லார் வீட்டுலயும் திறந்து கிடக்கும், அந்த புளிச்ச தண்ணின்னா க்யூலெக்ஸுக்கு ரொம்ப பிடிக்கும், தேடி வந்து முட்டை போடும். மூடி போட்டு வைங்க, மூணு நாலு நாளுக்கு மேல வைக்காம ஊத்திடுங்க. மணி ப்ளான்ட் பாட்டில், ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி இருக்குற ட்ரே, ஏர் கூலர், சன்ஷேட் மேல அடைச்சுக்கிட்ட சருகு, யூஸ் பண்ணாம வெளிய போட்டு வச்சிருக்குற ஆட்டுக்கல்லு குழி. எங்க வீட்டு ஆட்டுக்கல்லு அத்தையோட மாமியார் காலத்துது, தூக்கிப் போட மனசு வரல, கவுத்து வச்சு அது மேல நாய்த்துளசி தொட்டி ஒண்ண வச்சிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை காலையில காபி குடிச்சதும் பையனும் நானும் டார்ச் எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு வருவோம், இருவது நிமிஷ வேலை. ஏழு நாளுக்கு ஒரு தடவன்னா முட்டை கொசுவா ஆகுறதுக்குள்ள பிடிச்சிடலாம். அவனுக்கு இப்ப புழு எது, கூட்டுப்புழு எதுன்னு எல்லாம் தெரியும், கமா மாதிரி வளைஞ்சு இருந்தா கூட்டுப்புழும்மா, நாளைக்கு பறந்துடும்னு என்கிட்டயே சொல்றான். பக்கத்து வீட்டு மாடியில எட்டிப் பாத்து "ஆன்ட்டி உங்க ட்ரம் மூடல"ன்னு கத்துவான், அவங்களும் கோச்சுக்காம மூடிடுவாங்க, தெருவே பழகிடுச்சு.

காய்ச்சல் வந்தா செடிகிட்ட போகாதீங்க. கஷாயம் குடிக்கிறதுன்னா குடிங்க, ஆனா ரெண்டாவது நாளே டாக்டர பாத்துடுங்க, பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை எதுவும் நீங்களா போடாதீங்க, ரத்தக்கசிவு ஜாஸ்தியாகும். காய்ச்சல் விட்ட பின்னாடிதான் டெங்குல ஆபத்தான நேரமே, வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், புள்ள துவண்டு படுத்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.

நொச்சிப் போத்து கேட்டு தெருவுல நாலஞ்சு பேர் வர்றாங்க இப்ப. கவாத்து பண்ணும்போது எடுத்து ஈரச் சாக்குல சுத்தி குடுத்துடுறேன். போன தடவ ஒருத்தங்க வேர் விடட்டும்னு பாட்டில் தண்ணியில போட்டு ஜன்னல்ல வச்சுட்டு, பத்து நாள் கழிச்சு பாத்தா வேர் வரல, புழு வந்திருக்குன்னு போன் பண்ணாங்க. அதனால இப்ப நானே ஒரு டீ கப்புல மணல் ரொப்பி, அடியில ஓட்டை போட்டு, போத்த நட்டே குடுத்துடுறேன்.